சாத்தையா வீட்டு மழை

கருவேலங்குடியில் ஒரே ஒரு வீட்டின் மேல் மட்டும் மழை பெய்ய ஆரம்பித்து ஐம்பது வருஷம் ஆகியிருந்தபோது முத்திருளாயி அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தாள். பெண் கேட்டு வந்தவர்கள் அதை மறைக்கவில்லை. ஒரு குடம் தண்ணீருக்கு மூன்று மைல் நடக்கிற அந்தப் பொட்டல் சீமையில், எங்கள் கூரை மேலேயே வானம் ஒழுகுகிறது என்று பெருமையாகத்தான் சொன்னார்கள். அவளுடைய அப்பாவும் மகளுக்கு இடுப்பில் குடம் ஏறாத வாழ்க்கை கிடைத்துவிட்டது என்று மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். முதல் நாள் முத்திருளாயியும் சந்தோஷமாகத்தான் இருந்தாள், வாசலில் நின்று கையை நீட்டி நீட்டி நனைத்துக்கொண்டாள். இரண்டாம் நாள் அடுப்பு பற்றவில்லை.

அந்த மழை அவள் புருஷன் சாத்தையாவின் தாத்தா ஒண்டிவீரன் காலத்தில் வந்தது. கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த ஒரு சித்திரை மாதத்து மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருந்தவரின் தட்டில் ஒரு சொட்டு விழுந்தது, பிறகு நிற்கவில்லை. ஏன் வந்தது என்று யாரும் கேட்கவில்லை, தண்ணீரைக் கண்டவர்கள் குடத்தை எடுப்பார்களா காரணம் கேட்பார்களா. ஒரு வீட்டு அகலத்துக்குத்தான் பெய்தது, அதைத் தாண்டி ஒரு எட்டு வைத்தால் மண்டையைப் பிளக்கிற வெயில். அது வீட்டைப் பிடித்துக்கொண்ட மழையுமில்லை, ஆளைப் பிடித்துக்கொண்ட மழை. ஒண்டிவீரன் வெளியூர் போனால், மேய்ச்சலில் பின்தங்கிய ஆடு மந்தையைத் தேடி வருகிற மாதிரி அரை மணி நேரம் கழித்துப் பின்னாலேயே வந்து, அவர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் நின்று பெய்தது. அவர் செத்த நாலாம் நாள் மகன் மேல் வந்தது, மகன் செத்த நாலாம் நாள் பேரன் சாத்தையா மேல் வந்தது.

ஊர் அந்த மழையை எப்படித் தனதாக்கிக்கொண்டது என்று சொல்லத் தொடங்கினால் முத்திருளாயிக்கு மூச்சு வாங்கும். முதலில் கூரை வடிகிற இடத்தில் கால்வாய் வெட்டினார்கள், கால்வாய் முடிகிற இடத்தில் தொட்டி கட்டினார்கள், தொட்டிக்கு நீலம் அடித்துத் திறப்புவிழா நடத்தினார்கள், எந்தத் தெரு எந்தக் கிழமை என்று முறை வைத்தார்கள், வாசலில் பஸ் நின்றது, அந்த நிறுத்தத்துக்கு மழைவீடு என்று பெயரும் வந்தது. அந்த வீடு ஊருக்குக் கிழக்கே புறம்போக்கில் இருந்தது, அவர்கள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்காத மேலத்தெருக்காரர்கள் கொஞ்ச நாள் யோசித்தார்கள், பிறகு வானத்துத் தண்ணீருக்குக் கை கிடையாது என்று யாரோ சொல்ல, எல்லோருக்கும் அது சரியாகப் பட்டுவிட்டது. கல்யாணத்துக்கு நாள் குறித்தவர்கள் அண்டா கொண்டுவந்து வைத்தார்கள், செங்கல் அறுக்கிறவர்கள் மாட்டு வண்டியில் பீப்பாய் கொண்டுவந்தார்கள், எருமைகூட முறை தெரிந்து வந்து நின்றது. எடுத்துக்கொண்டு போகிறவர்கள் ஒவ்வொருவரும் ஈரத்தில் விறைத்துப்போய் நிற்கிற முத்திருளாயியைப் பார்த்து ஒரே வார்த்தையைத்தான் சொல்லிவிட்டுப் போனார்கள்: உங்களுக்கென்ன.

உங்களுக்கென்ன. சாத்தையாவை மிளகாய்ப் பழம் எடுக்கக் கூப்பிட மாட்டார்கள், அரை மணி நேரத்தில் மழை பின்னால் வந்து களத்தில் காய்கிற வற்றலை அழுகவைத்துவிடும். கரிமூட்டத்துக்குக் கூப்பிட மாட்டார்கள், தீ அணைந்துவிடும். சூளைக்குக் கூப்பிட மாட்டார்கள், பச்சைக்கல் கரைந்துவிடும். அந்தச் சீமையில் இருப்பதே இந்த மூன்று வேலைதான், மூன்றும் வெயிலை நம்பி நடக்கிற வேலை. அதனால் அவன் ஊர்க்காரர்களின் குடத்தைத் தூக்கிவிட்டுக்கொண்டு நின்றான், அவர்கள் பிரியப்பட்டுக் கொடுத்த அரிசியை வாங்கிக்கொண்டான். பொங்கலுக்கு வேட்டி வந்தது, தீபாவளிக்குப் பலகாரம் வந்தது, பிரியத்துக்கு மட்டும் குறைவே இல்லை.

வறட்சி நிவாரணம் வந்த வருஷங்களில் ஊரில் எல்லோர் பெயரும் பட்டியலில் இருந்தது, சாத்தையா பெயர் மட்டும் இல்லை. எந்தக் காலத்திலோ யாரோ படித்தவர்கள் வந்து அவன் வாசலில் ஒரு மழைமானியை நட்டுவிட்டுப் போயிருந்தார்கள், அதன்படி அவனுக்கு வறட்சி கிடையாது. சரி, வெள்ள நிவாரணத்தில் சேருங்கள் என்று முத்திருளாயி தாலுகா ஆபீஸில் போய் நின்றாள், மாவட்டத்தில் வெள்ளமே இல்லையே அம்மா என்று அங்கிருந்தவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். கான்கிரீட் வீட்டுத் திட்டம் வந்தது. அதில் அவன் பெயர் இருந்தது, வேலை நடக்கும்போது மழையைக் கூட்டிக்கொண்டு அவன் தள்ளிப்போய் இருந்தான். ஆனால் அஸ்திவாரம், சுவர், கூரை என்று ஒவ்வொரு கட்டத்திலும் பயனாளி பக்கத்தில் நிற்கிற மாதிரிப் போட்டோ எடுத்து அனுப்பவேண்டும், போட்டோ எடுக்க வந்தவருக்கு சிக்னல் கிடைப்பதற்குள் அரை மணி நேரம் ஆகிவிடும், மழை வந்து பூசிய சிமெண்டைக் கரைத்துக்கொண்டு போய்விடும். மூன்று தடவை பூசினார்கள், மூன்று தடவையும் கரைந்தது. நாங்கள் ஒரு மாதம் என் அம்மா ஊரில் போய் இருக்கிறோம், அதற்குள் கூரை போட்டு இறுகவிடுங்கள் என்று முத்திருளாயி சொன்னாள். இதைவிடச் சுலபமான ஒரு யோசனையை உலகத்தில் யாரும் சொல்லியிருக்க முடியாது. ஆனால் ஒரு மாதம் ஊருக்குத் தண்ணீர்? ஊரே சாத்தையாவைப் பார்த்தது. சாத்தையா கீழே பார்த்தான். அந்த வீடு கழுத்து மட்டத்துச் சுவரோடு நின்றது, அதில் எருக்கு முளைத்தது.

அவன் இருபது வயதில் திருப்பூருக்குப் புறப்பட்டவன் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. பஸ் நிறுத்தம் வரை ஊரே பின்னால் வந்ததாம், பெண்கள் அவன் தாடையைத் தொட்டு அழுதார்களாம், இந்த வருஷம் உனக்கு வீடு கட்டித் தருகிறோம் என்றார்களாம், அடுத்த முகூர்த்தத்திலேயே பெண்ணும் பார்த்துவிட்டார்கள். அந்தப் பெண்தான் அவள். அவனுடைய அப்பா கப்பலேறப் போனபோதும் இப்படித்தான் கூட்டிக்கொண்டு வந்து கல்யாணம் செய்துவைத்தார்களாம். அடித்து நிறுத்தியிருந்தால்கூட அந்தக் குடும்பத்தில் ஒருவனாவது திமிறிக்கொண்டு ஓடியிருப்பான், இவர்கள் அழுது நிறுத்தினார்கள். விடு முத்து, சனங்க தாகத்துக்குத்தானே என்பான் சாத்தையா, சொல்லிவிட்டு இருமுவான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இருமி இருமியே அவன் முப்பத்தைந்து வயதில் போனான். அவன் மூச்சு நின்றதும் மழையும் நின்றது. அவன் சிதை ஒரே தீக்குச்சியில் பிடித்துக்கொண்டது. சுடுகாட்டிலிருந்து திரும்பியவர்கள் துக்க வீட்டில் உட்காராமல் தொட்டியைச் சுற்றி நின்று எத்தனை நாளைக்கு வரும் என்று பேசிக்கொண்டதை முத்திருளாயி ஈரமில்லாத வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று நாள் அவர்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். நாலாம் நாள் அவளுடைய பத்து வயது மகள் சுகப்பிரியா பள்ளிக்கூடத்து மரத்தடியில் பெருக்கல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது நோட்டில் ஒரு சொட்டு விழுந்தது. ஊர் வெடி வெடித்தது.

மகளிடம் புத்தகம் தங்கவில்லை. ஆனி மாதம் கொடுத்த புத்தகம் ஆடியில் கூழாகிவிடும், பாலிதீன் உறை போட்டாலும் உள்ளே வியர்த்து எழுத்து அழியும். அதனால் அந்தப் பெண் கரைவதற்குள் படித்துவிட வேண்டும் என்று புத்தகத்தை மனப்பாடமாக்கிக்கொண்டது, பக்கம் பக்கமாக, படத்துக்குக் கீழே உள்ள சின்ன எழுத்து உட்பட. வாய் திறந்து பேசாத பிள்ளை, அப்பாவைப் போல யார் கேட்டாலும் குடம் தூக்கிவிடுகிற பிள்ளை, பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தது. மதுரையில் நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. வருமானச் சான்றும் முதல் பட்டதாரிச் சான்றும் கொண்டுவாருங்கள் என்று கடிதம் வந்தது.

முத்திருளாயி வி.ஏ.ஓ. ஆபீஸுக்குப் பதினோரு தடவை நடந்தாள். ஒரு நாள் ஆள் இல்லை, ஒரு நாள் நெட் இல்லை, ஒரு நாள் ரேஷன் கார்டில் இருக்கிற சாத்தையாவும் இறப்புச் சான்றில் இருக்கிற சாத்தையாவும் ஒரே ஆள்தானா என்ற சந்தேகம். பதினோராவது தடவை அந்த மனிதர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, மழையை எந்த வருமானத்தில் போடுவது என்று மேலிடத்தில் கேட்டிருப்பதாகச் சொன்னார். அவள் அவர் மேசைக்குக் கீழே இருந்த தண்ணீர்க் கேனைப் பார்த்தாள், அது அவள் வீட்டுத் தொட்டியில் பிடித்த தண்ணீர், அதன் மேல் எந்தத் தெரு என்று மையால் எழுதியிருந்தது. அவளுக்கு விளங்கிவிட்டது, காகிதத்தை நிறுத்தி வைத்திருப்பது ஊர்தான்.

அன்று சாயங்காலமே ஊர்க்கூட்டம் போட்டார்கள். பஞ்சாயத்துத் தலைவர் நாகரத்தினம் நல்ல மனிதர், கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. பிள்ளை இங்கேயே தபாலில் ஏதாவது படிக்கட்டும், டியூஷனுக்கு ஊர் ஏற்பாடு செய்யும், அங்கன்வாடியில் சொல்லி வேலை வாங்கித் தரலாம், கீழத்தெருவிலேயே நல்ல பையன் இருக்கிறான் என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். முத்திருளாயி முழுவதையும் கேட்டாள். தண்ணீர் ஊருக்குப் பொது இல்லையா தாயி, ஒரு வீட்டுக்காக ஊரைத் தவிக்க விடலாமா என்று அவர் முடித்ததும் அவள் எழுந்தாள்.

"தண்ணி பொதுதான் ஐயா, நான் இல்லேங்கல. ஈரம் மட்டும் எப்பிடி எங்க வீட்டுக்குச் சொந்தமாச்சு?"

அவளே தொடர்ந்தாள். மழை பிள்ளை இருக்கிற இடத்தில்தான் பெய்யும், அது எல்லோருக்கும் தெரியும். அப்படியானால் வீட்டுக்கு ஒரு நாள் என்று நாங்கள் முறை வைத்து வருகிறோம், வீட்டுக்காரர்கள் வாசலிலேயே தண்ணீர் பிடித்துக்கொள்ளட்டும், நடக்கக்கூட வேண்டாம், இருநூறு வீடு இருக்கிறது, வருஷத்துக்கு இரண்டு நாள்கூட ஒரு வீட்டுக்கு வராது. அப்படிச் செய்தால் என் பிள்ளை இங்கேயே இருந்துகொள்ளும், மதுரைக்குப் போகவில்லை.

ஒருவர் தன் வீட்டில் மருமகள் பிள்ளைத்தாய்ச்சி என்றார். ஒருவர் வற்றல் களத்தில் கிடக்கிறது என்றார். ஒருவர் வீடு பழசு, தாங்காது என்றார். மேலத்தெருக்காரர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்கள், அவர்கள் வீட்டுப் படியேறி அவள் வருவதைவிட அவர்கள் தாகத்தில் சாவார்கள் என்று அவளுக்குத் தெரியும். இருநூறு வீட்டில் ஒரு வீடு சரி என்று சொல்லவில்லை. எழுபது வருஷம் சும்மா கிடைத்த தண்ணீர்.

மறுநாள் காலையில் அவள் மகளையும் கூட்டிக்கொண்டு, ஒரு பாயையும் ஒரு டிரங்குப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு நாகரத்தினம் புதிதாகக் கட்டியிருந்த வீட்டுக்குப் போய், கார் நிற்கிற இடத்தில் பாயை விரித்து உட்கார்ந்தாள். சத்தம் போடவில்லை, யாரையும் திட்டவில்லை. தலைவர் வெளியே வந்து என்ன முத்திருளாயி என்றார். சான்றிதழ் வரும்வரை இங்கே இருக்கிறோம் ஐயா, உங்களுக்குத்தான் முதல் முறை என்றாள். அரை மணி நேரத்தில் மழை தெருமுனை திரும்பி வந்து அந்த வீட்டின் மேல் நின்றது.

மழையைப் பார்க்காத ஊரில் கட்டிய வீடு அது. மொட்டை மாடியில் தண்ணீர் போக வழி வைக்கவில்லை, மாடி நிறைய வற்றல் காயப்போட்டிருந்தது. மத்தியானத்துக்குள் வற்றல் மிதந்தது, சாயங்காலத்துக்குள் ஊறிக்கொண்டு கூரை வியர்த்தது, மறுநாள் மின்சாரம் படபடவென்று வெட்டி டிவி நின்றது, மூன்றாம் நாள் காலையில் கூடத்தில் ஒரு பாளம் பூச்சு நாற்காலி மேல் விழுந்தது. தெருக்காரர்கள் வந்து குடம் குடமாகப் பிடித்துக்கொண்டு போனார்கள், போகும்போது தலைவரைப் பார்த்து உங்களுக்கென்ன என்று வழக்கம்போலச் சொன்னார்கள். அவர் முதல் நாள் சிரித்தார். இரண்டாம் நாள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவர் மனைவி வள்ளிமயில் முதல் நாள் அவர்களுக்குக் காப்பி கொண்டுவந்து தரையில் வைத்துவிட்டுப் போனாள். இரண்டாம் நாள் வைத்துவிட்டு நின்றாள். மூன்றாம் நாள் காப்பி இல்லை, அடுப்பறைக்குள் தண்ணீர் வந்துவிட்டது. அவள் ஈரச் சேலையோடு வந்து பாயின் ஓரத்தில், நடுவில் கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்தாள். மூன்று நாளாகத் துணி காயவில்லை, காலிடுக்கெல்லாம் அரித்துப் புண்ணாகிவிட்டது என்று மெதுவாகச் சொன்னாள்.

"இதுல எப்பிடி நீ இத்தன வருசம் இருந்த?"

"இருக்கலம்மா. நனைஞ்சோம்."

வள்ளிமயில் எழுந்து உள்ளே போனாள். உள்ளே அவள் என்ன பேசினாள் என்று கேட்கவில்லை, மழைச் சத்தம். ஆனால் பன்னிரண்டு மணிக்கு வி.ஏ.ஓ. மோட்டார் சைக்கிளில், சட்டைக்குள் காகிதத்தை மறைத்துக்கொண்டு, தானே வந்தார். மழை எந்த வருமானத்திலும் வராது என்று மேலிடத்தில் சொல்லிவிட்டதாகச் சொன்னார்.

அவர்கள் பஸ் ஏறியபோது ஊரே நிறுத்தத்தில் நின்றது. முன்பு மாதிரி யாரும் தாடையைத் தொடவில்லை, காலிக் குடத்தோடு வெறுமனே நின்றார்கள், முத்திருளாயியும் தாகம் தெரிந்த வீட்டில் பிறந்தவள்தான். ஒருவர் மட்டும் கிட்டே வந்து, இனி நாங்கள் என்னதான் செய்வது தாயி என்று கேட்டார். அறுபது ஏக்கர் கண்மாய் இருக்கிறது, எழுபது வருஷமாக அதில் ஒரு கூடை மண் அள்ளவில்லை, எங்கள் வீட்டுக் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டீர்கள், போய் மண்ணை அள்ளுங்கள் என்றாள். கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்லிவிட்டாள். பஸ் புறப்பட்டது. பின்னால் ஒரு வீட்டு அகலத்துக்கு மேகம் வந்துகொண்டிருப்பதைச் சுகப்பிரியா ஜன்னல் வழியாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள், முத்திருளாயி பார்க்கவில்லை.

மதுரையில் விடுதி பழைய ஓட்டுக் கட்டிடம். வார்டன் எஸ்தர் நல்லமுகம் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு சான்றிதழ்களைப் பார்த்து, சட்டதிட்டங்களைச் சொல்லி, மாடியில் கடைசி அறையில் ஜன்னலோரக் கட்டிலைக் காட்டினார். மேலே நாலைந்து ஓடு உடைந்து வானம் தெரிந்தது. மதுரையில் மழை ஏது, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்றார் அவர். அரை மணி நேரம் ஆனது. கட்டிலில் சொட்டத் தொடங்கியது.

முதலில் மாணவிகள் கூச்சல் போட்டுக்கொண்டு மாடிக்கு ஓடினார்கள். பிறகு வார்டன் வந்து அண்ணாந்து பார்த்தார், வெளியே எட்டி வெயிலைப் பார்த்தார், நனைந்துகொண்டு நிற்கிற பெண்ணைப் பார்த்தார். முத்திருளாயி நடந்ததைச் சொன்னாள். வார்டன் ஆச்சரியப்படவில்லை. இரண்டு வருஷமாக விடுதிக் கிணறு வற்றிக் கிடக்கிறது, லாரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறது என்றார். சமையல்காரியைக் கூப்பிட்டு இருக்கிற வாளியெல்லாம் கொண்டுவரச் சொன்னார். பிறகு சுகப்பிரியாவின் ஈரத் தலையில் கை வைத்து, உனக்கு விடுதியில் எல்லாமே இலவசம் என்று நிர்வாகத்தில் நான் சொல்கிறேன், நீ லீவுக்குக்கூட ஊருக்குப் போகவேண்டாம், இங்கேயே எங்கள் பிள்ளையாக இருந்துவிடு என்றார். குரல் தேனாக இருந்தது.

அந்தக் குரலை முத்திருளாயிக்குத் தெரியும். இருபத்தோரு வருஷம் கேட்ட குரல். மறுபடியுமா என்று அவளுக்கு உச்சியில் ஏறியது, எங்கே போனாலும் குடத்தோடு ஒருத்தர் நிற்பார், எங்கே போனாலும் தலையில் கை வைப்பார். வாயைத் திறந்தாள். மகள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மேடம், மொதல்ல என் கட்டிலுக்கு மேல தகரம் அடிங்க," என்றாள் சுகப்பிரியா. பாடம் ஒப்பிக்கிற மாதிரி நிறுத்தாமல் சொன்னாள். "தண்ணி வடிய ஒரு குழா வைங்க. குழாய்க்குக் கீழ நீங்க எத்தன வாளி வேணாலும் வைச்சிக்கங்க, நான் வேணாங்கல. லீவுக்கு எங்க போறதுன்னு நான் பாத்துக்கறேன். படிப்பு முடிஞ்சா போயிருவேன்."

வார்டன் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டார். நிர்வாகத்தைக் கேட்டுவிட்டுத்தான் சொல்ல முடியும் என்றார்.

"கேட்டுட்டு வாங்க மேடம்," என்று பெண் டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்தது. "நாங்க இருக்கோம்."

நாலு மணிக்கு ஒரு ஆள் ஏணியும் தகரமும் கொண்டுவந்தான். தகரத்தைச் சாய்த்து அடித்து, ஓரத்தில் குழாய் பொருத்தி, கீழே இறக்கித் தொட்டிக்குள் விட்டான். அவ்வளவுதான் வேலை, ஒரு மணி நேரம் ஆயிற்று. மேலே மழை தடதடத்துக்கொண்டிருந்தது, கீழே கட்டில் நனையவில்லை, புத்தகம் நனையவில்லை, தொட்டி நிறைந்துகொண்டிருந்தது.

முத்திருளாயி சொல்லிக்கொண்டு புறப்பட்டாள். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மானாமதுரை தாண்டும்போது தற்செயலாக மடியில் கை வைத்தவள், சேலை கட்டியபடியே உடம்பில் காய்ந்திருப்பதைக் கண்டாள். முந்தானையை எடுத்துப் பார்த்தாள், அதுவும் மொரமொரவென்று இருந்தது. சந்தோஷம் வரும் என்று நினைத்தாள், வந்தது கோபம். ஒரு தகரம், ஒரு குழாய், நாலு வார்த்தை. இவ்வளவுதானா? இதற்கா ஒண்டிவீரன் நனைந்தார், இதற்கா மாமனார் நனைந்தார், இதற்கா அந்த மனுஷன் நெஞ்சு வெடிக்க இருமிச் செத்தான்? டிக்கெட் கேட்ட கண்டக்டர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு யாரோடு சண்டை என்றார்.

"எம் புருசனோட," என்றாள் முத்திருளாயி. "அவருக்குச் சொல்லத் தெரியல."